அடிவார ஊரும் அதன் வரைபடமும்: பேரூராட்சி அளவில் ஊர்த் திட்டமிடல்

ஊர்த் திட்டமிடல் என்பது, ஓர் ஊரின் எல்லைக்குள் எந்த நிலத்தில் என்ன நடக்கலாம், எந்த நிலத்தில் எது நடக்கவே கூடாது, வருகிற இருபது ஆண்டுகளில் வீடும் சாலையும் சந்தையும் எந்தத் திசையில் வளரவேண்டும் என்பவற்றை அந்த வளர்ச்சி நிகழ்வதற்கு முன்பே முடிவு செய்து, அம்முடிவை எவரும் பார்த்து அறியக்கூடிய வரைபடமாகவும் எவரையும் கட்டுப்படுத்தும் விதியாகவும் எழுதிவைக்கும் பொதுச் செயலாகும். சாலை போடுவதும் வடிகால் கட்டுவதும் தெருவிளக்கு அமைப்பதும் உள்ளாட்சியின் அன்றாடப் பணிகள். அச்சாலை ஏன் அவ்விடத்தில் வரவேண்டும், அவ்வடிகாலின் நீர் எந்த ஓடையில் போய்ச் சேரும், அந்தத் தெருவில் இன்னும் பத்து ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் வாழும் என்ற கேள்விகளுக்கு அப்பணிகளுக்கு முன்பே விடை காண்பது திட்டமிடல். தமிழ்நாட்டில் இது சென்னை, கோவை, மதுரை போன்ற பெருநகரங்களுக்கு உரிய பொருளாகவே பெரிதும் பேசப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் தோட்டம் மனையாவதும் ஓடை தெருவாவதும் குளக்கரை கடைவரிசையாவதும் பெருநகர எல்லைக்கு வெளியே, தமக்கென ஒரு வரைபடம் இல்லாத சிறிய ஊர்களிலும் இடையறாது நிகழ்ந்துவருகின்றன.

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆயக்குடி அத்தகைய மாற்றத்தின் நடுவே நிற்கும் பேரூராட்சி. ஆயக்குடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இரண்டு கருத்துகளை நிறுவுவது இவ்வுரையின் நோக்கம். ஊரின் நில வரைபடத்தை வரையும் முதற்பொறுப்பு அந்த ஊரின் மன்றத்துக்கும் மக்களுக்கும் உரியது என்பது ஒன்று. மலையடிவார ஊரில் அவ்வரைபடம் நீர் செல்லும் வழியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது மற்றொன்று.

ஊருக்கும் நகருக்கும் இடையில்

பேரூராட்சி என்பது, வேளாண்மை சார்ந்த சிற்றூரின் இயல்பை முற்றும் இழக்காமலும் நகரத்துக்குரிய தேவைகளை ஏற்கெனவே அடைந்தும் இருக்கும் ஊருக்கான உள்ளாட்சி அமைப்பு. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம், 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும் ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறையாத வருவாயும் உள்ள ஊர்களைத் தனி வகையாகப் பிரித்தது. 1981இல் இவற்றுக்கெனத் தனி இயக்ககம் ஏற்பட்டது. 2004இல் இவற்றுள் பெரும்பாலானவை சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. நகரமா, சிற்றூரா என்பதில் அரசுக்கே நிலவிய தயக்கத்தை இந்தப் போக்குவரவு காட்டுகிறது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்த 649 நகர்ப்புற உள்ளாட்சிகளில் 490 பேரூராட்சிகள் என்பதை நோக்கினால், தமிழ்நாட்டின் நகர்ப்புற அமைப்புகளில் நான்கில் மூன்று பங்கு இவையே என்பது விளங்கும்.

எண்ணிக்கையில் இவ்வளவு மிகுந்திருந்தும், திட்டமிடலுக்கான ஆள்பலம் இவற்றுக்கு மிகக் குறைவு. மாநகராட்சிகளிலும் பெரிய நகராட்சிகளிலும் நகரமைப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பேரூராட்சியிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அடங்கிய மன்றமும், அரசு அமர்த்தும் செயல் அலுவலரும், வரி வசூல், குடிநீர், துப்புரவு ஆகியவற்றைக் கவனிக்கும் சிறு பணியாளர் குழுவுமே பொதுவாக உள்ளன. ஊரின் வடிவம் மாறிக்கொண்டிருக்க, அவ்வடிவத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கென்று அலுவலகத்தில் ஒரு மேசைகூட இல்லாத நிலை இது.

திட்டமிடும் அதிகாரம்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அவ்வரிசையில் முதலாவது நகரமைப்பை உள்ளிட்ட நகர்ப்புறத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். மூன்றாவது பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல். குப்பை அகற்றுவதற்கும் தெருவிளக்குக்கும் முன்னால் திட்டமிடல் இடம்பெற்றிருப்பது கவனத்துக்குரியது. எனினும் 243 டபிள்யூ பிரிவு இப்பணிகளைச் சட்டமன்றம் உள்ளாட்சிக்கு வழங்கலாம் என்றே கூறுகிறது. வழங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஒரு வினைமுற்றின் இடைவெளியில், பல மாநிலங்களில் துப்புரவும் விளக்கும் உள்ளாட்சிக்கு வந்துசேர, திட்டமிடல் மாநிலத் துறைகளின் கையிலேயே நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் இத்துறையை ஆள்வது, 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம். இச்சட்டம் சில திட்ட வகைகளை வகுக்கிறது. பல ஊர்களைச் சேர்த்து ஒரு நிலப்பகுதிக்கு வரையப்படுவது மண்டலத் திட்டம். ஒரு நகர்ப்பகுதி முழுவதுக்கும் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலப் பயன்பாட்டை வகுத்து முதன்மைச் சாலைகளைக் குறிப்பது முழுமைத் திட்டம். அதற்குள் ஒரு சிறு பகுதிக்குத் தெரு, பூங்கா, பள்ளி என்ற அளவுக்கு நுணுகி வரையப்படுவது விரிவு வளர்ச்சித் திட்டம். வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, மறுப்பும் ஆலோசனையும் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத காலம் தரவேண்டும் என்பதும் சட்டம். இவற்றை நடத்துவது மாநில அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன்கீழ் இயங்கும் உள்ளூர்த் திட்டக் குழுமங்களும் மாவட்ட அலுவலகங்களும் ஆகும். பேரூராட்சிக்கு எஞ்சுவது, வரையறுக்கப்பட்ட அளவுக்கு உட்பட்ட கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி வழங்குவதும், பெரிய விண்ணப்பங்களை மேலே அனுப்புவதும் போன்ற பணிகளே.

புதிய முயற்சிகளும் சிறிய ஊர்களைத் தொடவில்லை. ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில், செயற்கைக்கோள் படங்களையும் கணினி நில வரைபடத்தையும் கொண்டு முழுமைத் திட்டம் தயாரிக்கும் துணைத்திட்டம் 50,000 முதல் 99,999 வரை மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு உரியது. அந்த அளவை எட்டாத ஆயக்குடி போன்ற பேரூராட்சிகள் அதற்குள் வருவதில்லை. நெருக்கடி முற்றிய பிறகு திட்டம் கிடைப்பதும், திருத்துவதற்கு இன்னும் இடமிருக்கும் காலத்தில் திட்டம் கிடைக்காததும் இம்முறையின் அடிப்படைக் குறை. நிலம் மிச்சமிருக்கும் ஊருக்கே வரைபடம் மிகுதியாகப் பயன்படும்.

ஆயக்குடியின் நிலமும் நீரும்

ஆயக்குடியின் தெற்கே பழனி மலைத்தொடர் சட்டென்று எழுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள சோலைகளிலும் புல்வெளிகளிலும் விழும் மழை, ஓடைகளாகவும் சிற்றாறுகளாகவும் வடக்கு நோக்கி இறங்கிச் சண்முகநதியில் சேர்ந்து, அமராவதி வழியாகக் காவிரியை அடைகிறது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையை ஒட்டியுள்ள வரதமாநதி அணை, இந்த நீரில் ஒரு பகுதியைத் தடுத்து அடிவாரத்துக்குத் தருகிறது. அணைக்குக் கீழே வாய்க்காலும், வாய்க்காலுக்குக் கீழே குளமும், ஒரு குளம் நிரம்பினால் மறுகால் வழியே அடுத்த குளமும் என்று நீர் படிப்படியாக இறங்கும் சரிவின்மேல் ஊர் அமைந்திருக்கிறது. மறுகால் என்பது குளம் நிரம்பியபின் மிகுநீர் வெளியேறும் வழி. அது அடைபட்டால் கீழ்க்குளம் வறண்டுபோவதோடு மேற்குளத்தின் கரைக்கும் அருகிலுள்ள வீடுகளுக்கும் ஆபத்து நேரும்.

இவ்வடிவாரத்தின் குடியிருப்புத் தொன்மைக்குச் சான்று உண்டு. பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம் எனக் கணிக்கப்பட்டது. மலைநீர் இறங்கும் இடத்தில் நெல்லும் குடியும் சேர்ந்தே வேரூன்றின என்பதை அது உணர்த்துகிறது. பிற்காலத்தில் ஆயக்குடி ஒரு பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கியது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் பகுதிகளில் நடந்த நில அளவையில், உழவர் நிலம் பட்டாவாகவும், குடியிருப்பு நத்தமாகவும், குளம், ஓடை, வாய்க்கால், பாதை, மேய்ச்சல் நிலம் ஆகியவை புறம்போக்காகவும் பதிவாயின. புறம்போக்கு என்பது தனியார் வரிவிதிப்புக்குப் புறமாகப் பொதுப் பயனுக்கு வைக்கப்பட்ட நிலம். எந்தத் திட்டமும் வரையப்படாத ஊரில், அந்த அளவைப் பதிவேடே உள்ளதற்குள் முழுமையான நில வரைபடமாக இன்றும் நிற்கிறது.

அடிவாரத்துச் செம்மண்ணும் கிணற்று நீரும் சேர்ந்து ஆயக்குடியைக் கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊராக்கின. லக்னோ 49 முதலிய வகைகள் இங்குள்ள தோட்டங்களில் விளைகின்றன. விடியற்காலையில் கூடும் கொய்யாச் சந்தைக்குச் சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து பழம் வந்து, பல ஊர்களுக்குப் பெட்டிகளில் போகிறது. தோட்டம் இவ்வூருக்கு வருவாய் தருவதோடு வேறொரு பணியையும் செய்கிறது. மரங்கள் நிற்கும் திறந்த மண் மழைநீரை உள்ளே இழுத்து, ஊரின் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் நீரைச் சேமித்துத் தருகிறது. ஒரு தோட்டம் சிமெண்டுத் தளமாகும்போது, ஒரு பயிர் மறைவதோடு, அங்கே மண்ணில் இறங்கவேண்டிய நீர் தெருவில் வழிந்தோடத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் தட்டுப்பாடும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன.

காட்டுக்கும் ஊருக்கும் உள்ள எல்லையும் இங்கே திட்டமிடலின் பகுதியாகிறது. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து, இம்மலைத்தொடரின் சரிவுகளைக் கொண்டிருக்கிறது. அங்கிருந்து இறங்கும் யானைகள் அடிவாரத் தோட்டங்களில் மாவையும் கொய்யாவையும் தென்னையையும் தின்பதும், உழவர்கள் இரவில் காவலிருப்பதும் இப்பகுதியில் தொடர்ந்து நிகழ்கின்றன. காட்டோரத்தில் புதிய மனைப்பிரிவு அமைவது, இதுவரை தோட்டக்காரர் தாங்கிய இடரை வீட்டுக்குள் குழந்தையோடு வாழும் குடும்பங்களுக்கும் பரப்பும். எந்தத் தொலைவு வரை வீடு வரலாம் என்ற எல்லையை வனத்துறையின் அகழியால் மட்டும் வகுத்துவிட முடியாது. நிலப் பயன்பாட்டு வரைபடத்திலும் அது குறிக்கப்படவேண்டும்.

மக்கள் நடமாட்டமும் அதுபோன்றதே. தைப்பூசக் காலத்தில் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்துசெல்லும் பாதயாத்திரை அடியார்கள் ஆயக்குடியைக் கடந்தே போகின்றனர். வார இறுதிகளில், அரசுப் பணித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் மரத்தடி வகுப்புகளுக்காகப் பல மாவட்டங்களின் இளைஞர்கள் இவ்வூருக்கு வருகின்றனர். இவர்கள் ஊரின் மக்கள்தொகைக் கணக்கில் இல்லாதவர்கள்; ஆயினும் குடிநீர், கழிப்பறை, நிழல், நடைபாதை, பேருந்து நிறுத்தம் ஆகியவை இவர்களுக்கும் வேண்டும். நிதி ஒதுக்கீடு குடியிருப்போரின் எண்ணிக்கையை ஒட்டி அமைய, சுமை வந்துபோவோரின் எண்ணிக்கையையும் ஒட்டி அமைகிறது. இந்த வேறுபாட்டை எடுத்துரைக்க, ஊரின் கையில் எழுதப்பட்ட ஒரு திட்டம் இருந்தாகவேண்டும்.

மனைப்பிரிவும் உழவரும்

தமிழ்நாட்டின் சிறிய ஊர்கள் உண்மையில் வளர்ந்த முறை மனைப்பிரிவு முறை. ஒரு நிலத்தை வாங்கியவர் அதில் சாலைக்கோடு இழுத்து, கல் நட்டு, துண்டு துண்டாக விற்றுவிடுவார். வாங்கிய குடும்பங்கள் வீடு கட்டியபின் சாலையும் குடிநீரும் வடிகாலும் கேட்டுப் பேரூராட்சிக்கு மனுக் கொடுப்பார்கள். அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் விதித்த தடையும், அதைத் தொடர்ந்து 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் வெளியான விதிகளும் இம்முறையின் பரப்பை வெளிக்காட்டின. வரன்முறைப்படுத்தல் என்பது விதிக்குப் புறம்பாக நிகழ்ந்துவிட்டதை ஒரு வரம்புக்குள் சட்டபூர்வமாக்குதல். வீடு கட்டிக் குடியேறிய எளிய குடும்பங்களுக்கு அது தேவையான காப்பே; எனினும் ஏற்கெனவே அமைந்துவிட்ட குறுகிய தெருவை அது அகலமாக்குவதில்லை, விடுபட்ட விளையாட்டுத் திடலை மீட்டுத் தருவதுமில்லை.

முறையான அனுமதியிலும் ஒரு வரம்பு இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்கவேண்டும் என்பது விதி. நல்ல விதி இது. ஆயினும் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியே ஆராயப்படுவதால், திறந்தவெளிகள் ஆங்காங்கே சிதறிய சிறு துண்டுகளாகவும், ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்ததன் சுவரில் முட்டி நிற்பதாகவும் அமைந்துவிடுகின்றன. ஊர் முழுவதுக்கும் ஒரு வரைபடம் முன்பே இருந்தால், அந்தப் பத்துச் சதவீதங்களை ஓடைக்கரையை ஒட்டி வரிசையாகச் சேர்த்து, மழைநீர் தங்கவும் மக்கள் நடக்கவும் உரிய தொடர்ச்சியான பசுமை வழியாக ஆக்கலாம். விதியை மாற்றாமலேயே கிடைக்கக்கூடிய பயன் இது.

தோட்டத்தை விற்கும் உழவரைக் குறைகூறுவது எளிது, அது நியாயமாகாது. பருவத்தில் பழம் குவிந்து விலை சரிவதும், பறிக்க ஆள் கிடைக்காததும், யானைச் சேதமும், ஆழ்துளைக் கிணற்றின் செலவும் ஒருசேர அழுத்தும்போது, மனைவிலை என்பது அவருக்கு மகளின் படிப்பும் கடனின் விடுதலையும் ஆகும். ஊரின் நீரைக் காக்கும் தோட்டத்தை உழவர் தம் சொந்த இழப்பில் காத்து நிற்கவேண்டும் என்று கோருவது நீதியன்று. ஆகவே வேளாண் நிலத்தைக் காக்கும் கோடு வரைபடத்தில் இடப்படும்போதே, அந்நிலத்தில் வேளாண்மை பிழைப்பதற்கான ஏற்பாடும் திட்டத்தில் இடம்பெறவேண்டும். வண்டிகள் நெடுஞ்சாலையை அடைக்காமல் நின்று சரக்கேற்றும் சந்தை வளாகம், தரம்பிரிக்கும் கூடம், குளிர்பதனக் கிடங்கு, விற்காத பழத்தைக் கூழாக்கும் கூட்டுறவுத் தொழிற்கூடம், கழிவுப் பழத்தை உரமாக்கும் வளம் மீட்புப் பூங்கா ஆகியவற்றுக்கு நிலம் ஒதுக்குவதும் ஊர்த் திட்டமிடலே. பன்னிரண்டாம் அட்டவணை பொருளாதார வளர்ச்சிக்கான திட்டமிடலை நிலப் பயன்பாட்டுக்கு அடுத்து வைத்திருப்பதன் பொருள் ஆயக்குடியில் இவ்வாறு தெளிவாகிறது.

மலைமேல் நிகழ்ந்தது

வரைபடம் இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, இதே மலையின் உச்சியில் உள்ள கொடைக்கானல் விடையளிக்கிறது. அந்நகராட்சிக்கு முழுமைத் திட்டம் உண்டு. மலைப்பகுதிகளுக்கென்று 1993ஆம் ஆண்டின் தனிக் கட்டட விதிகளும் உண்டு. ஆயினும் இரண்டு தளத்துக்கு அனுமதி பெற்ற விடுதியொன்று ஏழு தளமாக எழுந்தது. விதியிலிருந்து அதற்கு விலக்களித்து 1994இல் ஓர் அரசாணை பிறந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்ததன் பேரில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்க, 1995இல் உச்சநீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. மேலிருந்து தரப்பட்ட திட்டம் மேலிருந்தே தளர்த்தப்படலாம் என்பதையும், அத்தளர்வை எதிர்க்க முன்வருவோர் அவ்விடத்தில் வாழும் மக்களே என்பதையும் இவ்வழக்கு ஒருங்கே காட்டியது.

அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, சிக்கல் கட்டடங்களிலிருந்து ஊர்திகளுக்கு விரிந்தது. உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் ஊர்திகள் மின்னணு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் முதல் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா ஊர்திகள் என்ற வரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை நகராட்சியும் மக்களும் உரிய காலத்தில் கேட்டு முடிவெடுக்காதபோது, நீதிமன்றம் கேட்கவேண்டியதாகிறது. மேலே வரம்பு விதிக்கப்படும்போது, தங்கும் விடுதிக்கும் ஓய்வில்லத்துக்கும் நிலம் தேடுவோரின் பார்வை அடிவாரத்தின்மேல் திரும்புவது இயல்பு. பழனி மலைச்சாலையின் தொடக்கத்தை ஒட்டியுள்ள ஆயக்குடிப் பகுதி அந்த அழுத்தத்தை எதிர்பார்த்து இப்போதே ஆயத்தமாகவேண்டும்.

மக்கள் அறிவே முதல் அளவை

திட்டமிடல் நிபுணர்களின் வேலை, பேரூராட்சி உறுப்பினர்களுக்கோ பொதுமக்களுக்கோ அதற்கான அறிவு இல்லை என்ற கருத்து வலுவாக நிலவுகிறது. இதை முன்பே மறுத்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞரும் நகரமைப்பாளருமான பேட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் 1914இல் அவர் புறப்பட்டபோது, அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் எம்டன் போர்க்கப்பலால் மூழ்கடிக்கப்பட்ட கப்பலோடு கடலில் போயின. மாற்றுப் பொருள்கள் திரட்டப்பட்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களை நடந்து பார்த்து அவர் எழுதிய அறிக்கைகளின் சாரம் இரண்டு: திட்டத்துக்கு முன் ஊரை முழுமையாக அளந்து அறியவேண்டும்; நெருக்கமான பகுதியில் தெருவையே இடித்துப் புதுத்தெரு போடுவதைவிட, இடிந்த வீட்டு மனைகளைத் திறந்தவெளியாக்கி, இருக்கும் வீடுகளைக் காத்துச் சிறு திருத்தங்களால் சீராக்குவது செலவிலும் துன்பத்திலும் குறைந்தது. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்து, அவற்றைத் தூய்மையாகக் காக்கவேண்டும் என்றும் அவர் வாதிட்டார். பழைய ஆயக்குடி, புது ஆயக்குடி என இரு குடியிருப்புகளாக வளர்ந்த ஊருக்கு இம்முறை இன்றும் பொருந்தும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் காணப்படும் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும், நீரையும் தோட்டத்தையும் கவனிக்க ஊர்ச்சபைக்குள்ளேயே தனிக்குழுக்கள் 10ஆம் நூற்றாண்டில் இயங்கியதைத் தெரிவிக்கின்றன. நிலமும் கல்வியும் உடைய ஒரு சாராருக்கு மட்டுமே உறுப்பினராகும் தகுதி அளித்த அவ்வமைப்பை இன்றைய மக்களாட்சிக்கு முன்மாதிரி என்று கொள்ளமுடியாது. பொதுச் சொத்தைக் காக்கத் தனிக்குழுவும் குறித்த பதவிக்காலமும் வேண்டும் என்ற நிர்வாக அறிவை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அனைவரையும் உட்படுத்தும் முறையை அண்டை மாநிலம் காட்டியது. கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வோர் ஊராட்சியும் கிராம சபையில் தேவைகளைக் கேட்டு, தன் நிலம், நீர், தொழில் பற்றிய வளர்ச்சி அறிக்கையைத் தானே எழுதி, பணிக்குழுக்கள் வழியாகத் திட்டங்களாக்கியது. ஓய்வுபெற்ற பொறியாளரும் ஆசிரியரும் அதில் தன்னார்வமாகப் பங்கேற்றனர். திறமை முதலில் வரட்டும், அதிகாரம் பிறகு தரலாம் என்று காத்திராமல், அதிகாரத்தைத் தந்து அதைப் பயன்படுத்தும்போதே திறமையை வளர்த்த முறை அது.

தமிழ்நாட்டிலும் அதற்கான வாயில் திறந்திருக்கிறது. 2022இல் வெளியான விதிகளின்படி நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபாவும் அமைக்கப்பட்டன. பகுதி சபா என்பது வார்டின் ஒரு பகுதியில் வாழும் வாக்காளர்கள் கூடிப் பேசும் அவை. சிற்றூர்களின் கிராம சபைக்கு நகர்ப்புறத்தில் இணையானது. இவ்வவைகளில் இன்று பெரும்பாலும் விளக்கு, குடிநீர், சாக்கடை பற்றிய குறைகளே எழுகின்றன. குறை கேட்கும் அவையைத் திட்டமிடும் அவையாக உயர்த்துவதே அடுத்த படி.

இன்றைய சட்டத்துக்குள்ளேயே செய்யத்தக்கவை

புதிய சட்டத்துக்குக் காத்திராமல் ஆயக்குடி போன்ற பேரூராட்சி மன்றம் தானே தொடங்கத்தக்க பணிகள் உள. முதலாவது, நீர் வரைபடம். வருவாய்த் துறையின் கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவையும் காட்டும் புல வரைபடம், நிலத்தின் வகையைக் கூறும் அ-பதிவேடு ஆகியவற்றை ஒருங்கே வைத்து, ஒவ்வோர் ஓடை, வாய்க்கால், குளம், மறுகால் ஆகியவற்றின் பதிவு எல்லையைக் குறித்து, பிறகு முதியோர், நீர்பாய்ச்சுவோர், தோட்டத் தொழிலாளர் ஆகியோருடன் நடந்துசென்று இன்றைய நிலையை அதன்மேல் பதியவேண்டும். பெருமழையில் நீர் எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்பதை அத்தெருவின் பெண்களே துல்லியமாகக் கூறவல்லவர்கள். குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. எங்கே ஆக்கிரமிப்பு என்று காட்டும் வரைபடம் இருந்தாலன்றி அச்சட்டம் கண்ணற்றதாகவே இருக்கும். அகற்றும்போது, போக்கிடமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்றிடம் ஒதுக்குவதும் அதே வரைபடத்தின் கடமை.

இரண்டாவது, தோட்டமும் காட்டோரமும் பற்றிய வரைபடம். மூன்றாவது, பள்ளி, சந்தை, சுடுகாடு, பாதயாத்திரைப் பாதை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை மக்கள் நடந்துசெல்லும் வழியோடு காட்டும் பொதுவிட வரைபடம். நான்காவது, கழிவு வரைபடம். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் வீட்டுக் கழிவுத்தொட்டிகளின் கசடு எங்கே கொட்டப்படுகிறது என்பது குடிநீரின் தூய்மையைத் தீர்மானிக்கும். கசடு மேலாண்மைக்கு மாநில அரசு 2014இல் வகுத்த வழிகாட்டு நெறிகள், அருகிலுள்ள ஊர்கள் சேர்ந்து ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைப் பயன்படுத்த வழிசெய்கின்றன.

இந்நான்கு வரைபடங்களும் பகுதி சபாக்களில் சுவரில் மாட்டப்பட்டு, பட்டா உடையோர் மட்டுமன்றி வாடகைக் குடியினர், குத்தகை உழவர், துப்புரவுப் பணியாளர், ஒதுக்கப்பட்ட தெருக்களில் வாழ்வோர் ஆகியோரின் சொல்லும் அவற்றில் பதியப்படவேண்டும். அவ்வாறு திருந்திய வரைவை மன்றம் தீர்மானமாக நிறைவேற்றி, முழுமைத் திட்டமாகவோ விரிவு வளர்ச்சித் திட்டமாகவோ ஏற்கும்படி நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு அனுப்பலாம். ஏற்புக் கிடைக்கும்வரை அதற்குச் சட்டவலு இராது; ஆயினும் ஒவ்வொரு மனைப்பிரிவு விண்ணப்பத்தின்போதும் மன்றம் எழுதும் கருத்துரைக்கு அது அடிப்படையாகும். பதினைந்தாவது நிதி ஆணையம் இத்தகைய நகர்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு ஆகிய பணிகளுக்கெனக் கட்டுப்படுத்தப்பட்டது. அத்தகைய பணம் நீர் வரைபடத்தின் வரிசைப்படி செலவானால், ஆண்டுதோறும் தனித்தனியே போடும் வடிகால்துண்டுகள் ஒரே அமைப்பாக இணையும்.

மலைநீர் ஒரு பேரூராட்சியின் எல்லையோடு நிற்பதில்லை. அதனாலேயே அரசியலமைப்பின் 243 இசட்-டி பிரிவு, ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளின் திட்டங்களை இணைக்கும் மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தி, இடம்சார்ந்த திட்டமிடலையும் நீர்ப் பகிர்வையும் அதன் கருத்துக்குரிய பொருள்களாகக் குறித்தது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள். மலைமேல் கொடைக்கானலும் அடிவாரத்தில் ஆயக்குடியும் பழனியும் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளும் ஒரே நீர்ப்பிடிப்பின் பங்காளிகளாக அமர்ந்து பேச, திண்டுக்கல் மாவட்டத்தின் அந்தக் குழுவே முறையான அவை.

இவ்வழியில் இடர்கள் இல்லாமல் இல்லை. மன்ற உறுப்பினர்களுக்கே நில வணிகத்தில் நலன் இருக்கக்கூடும்; வரைபடத்தின் கோடு யாருடைய நிலத்தில் விழுகிறது என்பது பகைக்கும் பேரத்துக்கும் இடம்தரும். மூடிய அலுவலகத்தில் கோடு இடப்படும்போது இந்த இடர் குறைவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. திறந்த அவையில், காரணம் எழுதப்பட்டு, மறுப்புக்கு விடை கூறப்பட்டு இடப்படும் கோட்டை ஒருவர் மாற்ற முயன்றால், அதை ஊரே அறியும். மன்றத்துக்கு அதிகாரம் தருவதும் அம்மன்றத்தை மக்கள் முன் நிறுத்துவதும் ஒன்றாகவே நிகழவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

மாநில அரசு செய்யவேண்டியவை மூன்று: சில பேரூராட்சிகளுக்குச் சேர்த்தேனும் ஒரு நகரமைப்பு அலுவலரை அமர்த்துதல், வருவாய்த் துறையின் நில வரைபடங்களைக் கணினி வடிவில் மன்றங்களுக்குத் தடையின்றி வழங்குதல், மக்கள் அவையில் தேறிய வரைவைக் குறித்த காலத்துக்குள் ஏற்கவோ, காரணம் கூறித் திருப்பவோ கடமைப்படுதல். பேரூராட்சி மன்றம் செய்யவேண்டியது, அவற்றுக்குக் காத்திராமல் தன் நீர் வரைபடத்தை வரையத் தொடங்குதல். ஆயக்குடியின் குளங்களில் பல இன்னும் குளங்களாகவும், தோட்டங்களில் பல இன்னும் தோட்டங்களாகவும் இருக்கின்றன. பெருநகரங்கள் பெரும்பொருள் செலவிட்டும் திரும்பப் பெற முடியாத செல்வம் அது. அடுத்த மனைப்பிரிவு விண்ணப்பம் அலுவலகத்தை அடையும்போது, அதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஊரார் சேர்ந்து வரைந்த ஒரு வரைபடம் அங்கே இருக்குமானால், உள்ளாட்சி என்ற சொல்லுக்கு உரிய முழு அதிகாரத்தை அவ்வூர் கையாளத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.